மாமன் மட்டும் வேறு ஆள்

1

நான் ஜெர்மனிக்கு வந்து இந்த மாதத்தோடு ஐந்து ஆண்டு முடிகிறது. எனக்கே மறந்துபோயிருந்ததை நினைவில் வைத்திருந்தவர் கீழ்வீட்டு உர்சுலா. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. நான் குடிவந்த அன்று எந்தக் குப்பையை எந்தத் தொட்டியில் போடவேண்டும் என்று சொல்லித்தர மேலே ஏறி வந்தவர், அன்றிலிருந்து என்னைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம் நூலகத்தில் படம் போடுகிறார்கள், உன் நாட்டுப் படம், உன் ஐந்தாம் ஆண்டுக்கு என் பரிசு என்றார். ஆட்டமும் பாட்டுமாக ஏதோ இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

நூலக வாசலில் ஒட்டியிருந்த சுவரொட்டியில் என் தங்கை நின்றாள்.

சின்னப் பெண்ணாக நின்றாள். எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, இடுப்பில் எங்கள் வீட்டு நீலப் பிளாஸ்டிக் குடம். பக்கத்தில் நின்ற உர்சுலாவிடம் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தேன்.

படத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் தேடிப் பார்ப்பீர்கள். தங்கை சௌமியாவுக்கு இப்போது அது பிடிப்பதில்லை. கதை எளிமையானது. செட்டிநாட்டில் ஒரு பெரிய வீடு. அந்த வீட்டுப் பேத்தி ஒருத்தி, வீட்டைக் காவல் காப்பவரின் மகள் ஒருத்தி. இருவரும் ஒன்றாக விளையாடி, ஒரே ஆண்டில் பெரியவர்களாகி, அதன்பிறகு ஒரே முற்றத்தில் ஒன்றாக உட்கார முடியாமல் பிரிகிறார்கள். காவல்காரர் மகளாக நடித்தவள் சௌமியா. நடித்தது எங்கள் வீட்டில்.

அந்தப் படம் எங்கள் ஊர்த் தியேட்டருக்கு வரவே இல்லை. விழாக்களுக்குப் போனது, பிறகு கைபேசியில் வந்தது. கைபேசியில் முன்பு துண்டு துண்டாகப் பார்த்திருக்கிறேன். சுவர் அளவு பெரிதாக, எங்கள் அடுப்படிப் புகைக்கறை தெரியும்படி பார்த்தது இப்போதுதான். சௌமியாவுக்குச் சடங்கு நடக்கும் காட்சி வந்தது. மாமன் பச்சை ஓலையில் குச்சு கட்டுகிறார், மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிறார்கள், மாமன் தட்டோடு வருகிறார். எனக்கு முன்வரிசையில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினார். தாய்மாமன் என்று சௌமியா சொன்னபோதெல்லாம் கீழே ஜெர்மன் எழுத்தில் வெறும் 'ஓங்கிள்' என்று ஓடியது. இவர்களுக்கு அப்பாவின் தம்பியும் அதுதான், அத்தையின் கணவரும் அதுதான். அழுத பெண்ணிடம் போய், நீங்கள் அழவேண்டிய இடம் இது இல்லை, இந்தக் காட்சி எடுத்த பிறகு நடந்ததற்கு அழுங்கள் என்று சொல்லத் தோன்றியது.

அடுத்த மாதம் சௌமியாவுக்குக் கல்யாணம். அம்மாவின் கூடப்பிறந்த ஒரே தம்பி, என் மாமா, வருவாரா என்பது இதை எழுதத் தொடங்கும்போது தெரியாது. அவர் வராமல் போனால் அதற்குக் காரணம் இந்தப் படம்தான்.

2

படம் முடிந்ததும் உர்சுலா எழுந்து, இவள் அந்த ஊர்க்காரி என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டார். கேள்விகள் வந்தன. நான் எழுந்து நின்று, அது எங்கள் வீடு என்றேன்.

சட்டென்று எல்லோர் முகமும் மலர்ந்தது. எத்தனை அறைகள், அந்தத் தூண்கள் பர்மாவிலிருந்து வந்த தேக்கா, இப்போது யார் வசிக்கிறார்கள். நான் பெரிய வீட்டுப் பேத்தி என்று நினைத்துவிட்டார்கள். என் கோட்டும், உர்சுலா சொல்லியிருந்த என் மோட்டார் கம்பெனி வேலையும் அப்படி நினைக்க வைத்திருக்கும். அப்படியே விட்டிருந்தால் வீடு திரும்பும்வரை மரியாதையாக இருந்திருக்கும். ஆனால் எனக்கு அது பொறுக்கவில்லை.

"முன்னால் இருப்பது இல்லை. கொல்லைப்பக்கம் ஓடு போட்ட வீடு ஒன்று வந்ததே, அது. குடம் தூக்கிக்கொண்டு வந்த பெண் என் தங்கை" என்றேன்.

அதன்பிறகு அவர்கள் குரல் மாறியது. மெதுவாகப் பேசினார்கள். ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கஷ்டப்பட்டு எவ்வளவு தூரம் வந்திருக்கிறாய் என்றார். அவர் நல்லவர், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நான் அந்தக் கையை உருவிக்கொண்டேன். பரிதாபம் வாங்க நான் அங்கே போகவில்லை. எங்கள் வீட்டில் யாரும் பரிதாபமாக வாழவும் இல்லை. அந்தப் பெரிய வீட்டைக் காவல் காக்கும் அப்பா அதன் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு நடப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். படத்தில் காவல்காரர் மகள் கடைசியில் பஸ் ஏறிப் போகிறாள். நூலகத்தில் அதற்குக் கைதட்டினார்கள். நிஜத்தில் பஸ் ஏறியவள் நான். சௌமியா ஊரிலேயே இருக்கிறாள், பி.காம். முடித்துவிட்டு ஒரு நகைக்கடையில் கணக்குப் பார்க்கிறாள்.

3

எங்கள் ஊர்ப்பக்கம் பெரிய வீடுகளில் படப்பிடிப்பு புதிதல்ல. வீட்டுக்காரர்கள் சென்னையில் இருப்பார்கள். முன்னோர் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வந்து திறந்து, முடிந்ததும் பூட்டிவிட்டுப் போவார்கள். இடையில் சினிமாக்காரர்கள் வருவார்கள். முற்றத்தில் பாட்டு எடுப்பார்கள், பண்ணையார் சண்டை எடுப்பார்கள். எங்களுக்கு அவர்களால் வரும் தொந்தரவு, சாயம் கொட்டிய தரையைக் கழுவுவதுதான்.

இந்த இயக்குநர் அக்கா அப்படி இல்லை. முன்கட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு நேராகக் கொல்லைக்கு வந்தார். அம்மா மீன் அலசிக்கொண்டிருந்தார். எதிரில் குத்த வைத்து உட்கார்ந்து, "உங்க வீட்டுல ஒரு டீ கிடைக்குமா?" என்று கேட்டார். அன்றே சௌமியாவைப் பிடித்துப்போனது அவருக்கு.

சடங்குக் காட்சி எடுத்த வாரம் நான் மதுரைக் கல்லூரி விடுதியிலிருந்து வந்திருந்தேன். எல்லாம் இயல்பாக இருக்கவேண்டும் என்பது அந்த அக்காவின் பிடிவாதம். அதனால் கூட்டத்துக்குத் துணை நடிகர்கள் வரவில்லை. எங்கள் தெருவே வந்தது. தலைக்கு ஒரு கூலி, மதியம் பிரியாணி. எல்லோரும் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, கழுத்து நகையையும் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

"ஏத்தா பாண்டியம்மா, மொய்யி நெசமாவே எழுதணுமா?" என்று எதிர்வீட்டுச் சின்னம்மா என் அம்மாவைக் கேட்டார்.

"எழுதேன். நான் வேணான்னா சொன்னேன்?"

"நெசமா எழுதுனா நெசமாத் திருப்பிச் செய்வியா?"

"அது படம் ஓடுறதப் பொறுத்து."

அம்மாவுக்கு அன்று அவ்வளவு சந்தோஷம். எதற்குப் பின் எது என்று அக்கா கேட்கக் கேட்க அம்மா சொன்னார். குச்சு கட்டாமல் தண்ணி ஊத்தக் கூடாது. குச்சை மாமன்தான் கட்டணும். மஞ்சள் தண்ணியை முதல்ல அத்தை முறைக்காரி ஊத்தணும். சேலைத் தட்டு மாமன் கையிலேயே வரணும், வேறு யாரும் வாங்கி வைக்கக் கூடாது. "நீக பாட்டுக்கு முன்னபின்ன மாத்தி எடுத்துறாதீக, பாக்குறவுக சிரிப்பாக" என்று எச்சரிக்கையும் செய்தார்.

மாமனாக நடிக்க வந்தவர் சென்னைக்காரர். நல்ல மனிதர், நாடகத்தில் நடிப்பவராம். தென்னங்கீற்றைக் கையில் கொடுத்தால் எந்தப் பக்கம் முனை என்று தெரியவில்லை. பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஏப்பா மாமா, கீத்த முடையச் சொன்னா சடையில்ல பின்னுற."

"விடுத்தா, பட்டணத்து மாமன். அவுக ஊருல பிளாஸ்டிக்குல கட்டுவாக போல."

அவரும் சேர்ந்து சிரித்தார். கேமரா ஓடாதபோது என் அப்பா முடைந்து கொடுத்தார். கேமரா ஓடும்போது நடிகர் கடைசி முடிச்சை மட்டும் போட்டார்.

அப்போதுதான் இயக்குநர் அக்கா அம்மாவைக் கேட்டார். "உங்களுக்குத் தம்பி இருக்காருன்னு சொன்னீங்களே. அவரையே நிக்கச் சொல்லியிருக்கலாமே?"

"அவன் இதுக்கெல்லாம் வரமாட்டான்" என்றார் அம்மா.

அம்மா அவரைக் கேட்கவே இல்லை. மாமாவுக்குக் கல்லல் பக்கம் கொஞ்சம் நிலம். அக்காளைக் காவல்காரருக்குக் கட்டிக்கொடுத்ததில் அவருக்கு ஆரம்பத்திலிருந்தே மனக்குறை. பெரிய வீட்டு முன்வாசல் பக்கம் அவர் ஒருநாளும் வந்ததில்லை. கொல்லை வழியாக வந்து, கடலை மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, நின்றபடியே காப்பி குடித்துவிட்டுப் போவார். சினிமாக்காரர்களிடம் தான் கூலி வாங்குவதை அவர் பார்க்கவேண்டாம் என்று அம்மா நினைத்திருக்கலாம். இப்போதும் அம்மா அதைப்பற்றிப் பேசுவதில்லை.

4

அடுத்த சந்தையில் மாமாவிடம் யாரோ கேட்டிருக்கிறார்கள்: "என்னப்பா, ஒன் மருமக சடங்கு தடபுடலா நடந்துச்சாம்ல. நீ அங்குட்டுப் போகலயா?"

கேட்டவர் கேலியாகக் கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. மாமா அன்று சாயங்காலமே மொபெட்டில் வந்தார். அன்று கொல்லை வழியாக வரவில்லை. பெரிய வீட்டு முன்வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அம்மாவை வெளியே கூப்பிட்டார்.

"ஊரக் கூட்டி மாமன் சீரு செஞ்சு முடிச்சிட்டீகளாமே" என்றார். அக்காளை அதுவரை அவர் நீக, போக என்று மரியாதை வைத்துப் பேசியதே இல்லை.

"அட, அது படம்டா. பொய்யிக்கு எடுக்குறது."

"ஓல பச்ச ஓலதான?"

"ஆமா."

"தண்ணி மஞ்சத் தண்ணிதான? ஊத்துனது நம்ம தெருப் பொம்பளைகதான?"

"அதுக்கு என்னடா இப்ப?"

"புள்ள நம்ம புள்ளதான? எல்லாம் நெசம். மாமன் மட்டும் வேற ஆளு."

அம்மா சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். "கூறுகெட்டவனே, இன்னும் அவ வயசுக்கே வரல. வந்தா ஒன்னயத்தானடா கூப்புடப் போறேன்" என்றார்.

"ரெண்டாந்தரமா?" என்று கேட்டுவிட்டு மாமா வண்டியை உதைத்தார்.

நான் நகரத்தில் படித்தவள். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. ஒரு நடிப்பை நிஜமாக எடுத்துக்கொண்டு சண்டை போடுகிறாரே என்று விடுதித் தோழிகளிடம் சொல்லிச் சிரித்தேன். ஐந்து ஆண்டுகள் வேறு தேசத்தில் இருந்தபிறகு எனக்கு அது வேறு மாதிரித் தெரிகிறது. மாமாவிடம் நிலம் கொஞ்சம், செல்வாக்கு கொஞ்சம், ஊரில் முன்வரிசை நாற்காலி கிடையாது. எங்கள் வீட்டுக்கு அவர் கூப்பிடப்பட்டு, எல்லோரும் வழிவிட, நடுவில் நடந்து வரக்கூடிய நாள் ஒரு பெண் பிள்ளைக்கு ஒன்றோ இரண்டோதான். அதில் ஒன்றில் அவரை விட்டுவிட்டு வேறு ஒருவரை நடக்க விட்டு, தெருவே பார்த்து நின்றிருக்கிறது.

சில மாதங்களில் சௌமியா உண்மையாகவே பெரியவளானாள். அம்மா தாம்பூலத் தட்டோடு மாமா வீட்டுக்குப் போனார். அம்மா முன்பக்கம் நுழையும்போது அவர் பின்பக்கமாகத் தோட்டத்துக்குப் போய்விட்டார். அத்தை தட்டை வாங்கி வைத்தார். நாளன்று அத்தையும் வரவில்லை. ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் வந்து அவசரமாகக் குச்சு கட்டினார். அதே கொல்லை, அதே பெண்கள். யாரும் கேலி பேசவில்லை. சௌமியா மட்டும் மணையில் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்து, "அக்கா, இது ரெண்டாவது டேக்கா?" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். அம்மா சொம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

5

நூலகத்திலிருந்து திரும்பும்போது உர்சுலா, "உன் தங்கை மறுபடி நடிக்கவில்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஏன் என்று கேட்டார். எங்களில் பெரிய பிள்ளைதான் வெளியே போகும், சின்னது வீட்டைப் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவைத்தேன். அது முழு உண்மையல்ல. அந்தப் படம் வந்தபிறகு சௌமியா கண்ணாடி பார்ப்பதையே குறைத்துக்கொண்டாள். அவளால்தான் வீடு பிளந்தது என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தி சொல்லியிருக்கிறாள்.

கல்யாணத்துக்கு நானே போய், மாமாவின் வீட்டு வாசலில் உட்கார்ந்து, அவர் எழுந்து வரும்வரை நகராமல் இருப்பது என்பதுதான் என் திட்டம். அதற்குத்தான் விடுப்பு எடுத்திருந்தேன். ஆனால் பாஸ்போர்ட் காலாவதியாகும் தறுவாயில் இருக்கிறது. அது புதுப்பிக்கப் போயிருக்கிறது. அது வந்தபிறகுதான் குடியிருப்பு அட்டை; அது இல்லாமல் ஊருக்குப் போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். அதற்கு அலுவலகத்தில் நாள் வாங்கவேண்டும். கொடுத்த நாள் முகூர்த்தத்துக்குப் பிறகு வருகிறது. முன்னதாக ஏதாவது இருக்கிறதா என்று நேரில் போய்க் கேட்டேன். என் தங்கையின் கல்யாணம் என்றேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், வாழ்த்துகள் என்றார். உண்மையாகவே வாழ்த்தினார். நாளை மட்டும் மாற்றவில்லை.

வரிசையில் நின்றபோது எனக்கு நம் தாலுகா அலுவலகம் ஞாபகம் வந்தது. கல்லூரியில் சேர முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கப் போயிருந்தோம். அப்பாவும் நானும் நாலைந்து நடை நடந்தோம். எங்கள் குடும்பத்தில் இதுவரை ஒருவரும் பட்டம் படிக்கவில்லை என்பதை நிரூபிக்கத்தான் அத்தனை கையெழுத்து. முத்திரை குத்திய தாளை அப்பா மடங்கிவிடக்கூடாது என்று சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார். இங்கே நான் படித்திருக்கிறேன் என்பதை நிரூபிக்கிறேன். இரண்டையும் நிரூபித்துவிட்டேன். தங்கை கல்யாணத்துக்குப் போகத்தான் முடியவில்லை.

போகமுடியாது என்று சொன்னதும் அம்மா அழவில்லை. "அப்ப நீ போன்ல கூப்புடு. போன்ல கூப்புடுறது மொறை இல்லதான். ஆனா நீ கேட்டா வருவான்" என்றார்.

"நீயே ஒரு நடை போயிட்டு வாம்மா."

"தட்டோட போனேன்ல. அவன் முதுகைத்தான் பாத்தேன். இன்னொருக்க என்னால முடியாது."

6

படம் பார்த்த மறுநாள், அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரமாகப் பார்த்து மாமா வீட்டுக்குப் பேசினேன். அத்தை எடுத்தார். என் குரலைக் கேட்டதும், "யாரு, செர்மனியா?" என்றார். பிறகு குரலைத் தணித்து, "சாப்புட்டுக்கிட்டு இருக்காக. இரு, குடுக்குறேன்" என்றார். தட்டை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"என்னாத்தா" என்றார் மாமா.

"நல்லா இருக்கீகளா மாமா?"

"இருக்கேன். அங்குட்டுக் குளிராமே. கம்பளி வச்சிருக்கியா?"

"வச்சிருக்கேன் மாமா."

"மோட்டாரு கம்பெனிலதான வேல? இங்க மூணு பேஸ் கரண்டு வந்தா வருது, இல்லாட்டி இல்ல. ஒங்க மோட்டாரு கொறஞ்ச கரண்டுல ஓடுமா?"

ஓடாது, எரிந்துவிடும் என்றேன். "அப்ப அதுவும் நம்ம மோட்டாரு மாதிரித்தான்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குத் தைரியம் வந்தது. கல்யாண நாளைச் சொன்னேன். நீங்கள் வரவேண்டும் என்றேன்.  நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனேன். மாப்பிள்ளைக்கு மானாமதுரை என்றேன், நல்ல பையன் என்றேன். அவர் மௌனம் தாங்காமல், "நேத்து இங்க அந்தப் படம் போட்டாக மாமா" என்றும் சொல்லிவிட்டேன்.

"நான் அதப் பாத்ததில்ல" என்றார்.

"தெரியும் மாமா."

"அந்தாளு எப்பிடிச் செஞ்சான்?"

முதலில் எனக்குப் புரியவில்லை. யார் என்று கேட்டேன்.

"மாமனா நின்னான்ல. தட்ட அவனேதான் ஏந்தி வந்தானா?"

"அவர்தான் மாமா."

"மால போட்டானா?"

"போட்டாரு."

"புள்ள கால்ல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"துன்னூறு பூசுனானா?"

"பூசுனாரு."

"என்ன சொல்லிப் பூசுனான்?"

அங்கே பாட்டு வந்துவிடுகிறது. அந்த மனிதர் வாய் அசைகிறது, சொன்னது கேட்கவில்லை. அதைச் சொன்னேன்.  எனக்குச் சடங்கு நடந்தபோது மாமாதான் பூசினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, என் நெற்றியில் கட்டைவிரலை வைத்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "பள்ளிக்கூடத்துல இருந்து நிப்பாட்டச் சொன்னாகன்னா எனக்குச் சொல்லிவிடு" என்றார். அதைச் சொன்னவர் கைநாட்டு வைப்பவர். சௌமியாவுக்கு என்ன சொல்வதாக இருந்தார் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவரே, "ஏதாச்சும் நல்லதாத்தான் சொல்லியிருப்பான்" என்றார்.

"மாமா, அது நடிப்பு. நீங்கதான் மாமா மாமன்."

"ஒண்ணும் விடாம செஞ்சிருக்கான்த்தா. அதத் தெரிஞ்சுக்கிரத்தான் கேட்டேன். கொற வச்சிருந்தா வந்து நிறைக்கலாம்." பிறகு, "புள்ள நல்லா இருக்கட்டும். ஒங்காத்தா ஒடம்பப் பாத்துக்கிரச் சொல்லு" என்றார். சாப்பாடு ஆறுகிறது என்று அத்தை பின்னாலிருந்து சொன்னது கேட்டது. போன் நின்றுவிட்டது.

அம்மா என் போனுக்காகக் கையிலேயே வைத்திருந்திருக்கிறார். முதல் மணியிலேயே எடுத்தார்.

"பேசுனியா?"

"பேசுனேன்மா."

"வர்றானாமா?"

 நான் வாய் திறப்பதற்குள் அம்மாவே வேறொன்று கேட்டார்.

"அக்கான்னு ஒருக்காவாச்சும் சொன்னானா?"

பேசியதை எல்லாம் மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். பொய் சொல்லியிருக்கலாம். ஒரு சின்ன வார்த்தைதான். ஆனால் அம்மா அதைப் பிடித்துக்கொண்டு மண்டப வாசலில் நாள் முழுக்க நின்றிருப்பார்.

"இல்லம்மா" என்றேன்.



"சரித்தா" என்றார் அம்மா. "அப்பா இப்பத்தான் பூக்கடைக்குக் கெளம்புறாரு. அவன் கொண்டாற வேண்டிய மாமன் மாலையையும் நம்ம கணக்குலயே சொல்லிட்டு வரச் சொல்றேன்."